லீசிங் என்றால் வாடகை மட்டுமா?

லீசிங் என்றதும் காருக்கும் கடைக்கும் போடும் ஒப்பந்தம்தான் நமக்கு ஞாபகம் வரும். அதே எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்தில் இன்னும் இரண்டு பழைய சொற்கள் உண்டு. மூன்றுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது.

ஒன்றுக்குப் பொருள் பொய். நாலாம் சங்கீதத்தில் நம் வேதாகமம் "பொய்யை நாடுவீர்கள்" என்று சொல்லும் இடத்தில், 1611-இன் கிங் ஜேம்ஸ் பைபிள் 'லீசிங்' என்கிறது. இன்றைய ஆங்கிலேயர் படித்தால் தாவீது ராஜாவுக்கு வாடகை வண்டி மேல் என்ன கோபம் என்று முழிப்பார்.

மற்றது வயக்காட்டுச் சொல். ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள், அறுவடை முடிந்த கோதுமை வயலில் சிந்திய கதிர் பொறுக்குவதை லீசிங் என்றார்கள். ஜெர்மன் மொழியின் 'லேசன்' இதன் பங்காளி. அங்கே பொறுக்குவதும் லேசன், புத்தகம் வாசிப்பதும் லேசன்.

இந்த வேலைக்கு இருந்த ஒழுங்கைப் பாருங்கள். கதிர்க்கட்டுகளை எல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகும் ஒரே ஒரு கதிர்க்கட்டை வயலில் நிறுத்தி வைப்பார்கள். சில ஊர்களில் அதற்குப் பெயரே 'போலீஸ்காரன்'. அது நிற்கும்வரை ஒருத்தியும் உள்ளே கால் வைக்கக் கூடாது. பல ஊர்களில் காலையில் சர்ச் மணி அடித்தால்தான் இறங்கலாம், சாயங்கால மணிக்கு ஏறிவிட வேண்டும். கைக்குழந்தைக்காரிக்கும் கிழவிக்கும் மற்றவர்களோடு சேர்ந்து இறங்க வழி வேண்டுமே! அரிதாள் காலைக் கிழிக்க, பிள்ளைகளும் கூடவே குனிந்து பொறுக்கும். அந்தக் கோதுமைதான் மாவாகிக் குளிர்காலத்து ரொட்டியானது.

சஃபோக் மாவட்டத்து டிம்வொர்த்தில் மேரி ஹௌட்டன் என்ற பெண் இப்படிப் பொறுக்கியதற்கு ஸ்டீல் என்ற நிலக்காரர் வழக்குப் போட்டார். 1788-இல் தீர்ப்பு: பொறுக்குவது ஏழைகளின் உரிமை அல்ல, நிலக்காரர் மனம் வைத்தால் விடலாம், அவ்வளவுதான். நான்கு நீதிபதிகளில் மூன்று பேர், தலைமை நீதிபதி லாஃப்பரோ உட்பட, அந்தப் பக்கம். கௌல்டு ஒருவர்தான் மறுத்தார். அறுப்பில் சிந்தியதை எளியவனுக்கு விட்டுவிடு என்ற மோசேயின் சட்டம் இங்கிலாந்தைக் கட்டுப்படுத்தாது என்றார் லாஃப்பரோ.

(பக்கத்து ஊர் கல்ஃபோர்டு, கார்ன்வாலிஸ் குடும்பத்துச் சொத்து. அந்தக் குடும்பத்துக் கார்ன்வாலிஸ் பிரபு அப்போது கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல். 1793-இல் வங்காளத்தில் ஜமீன்தார்களுக்கு நிரந்தரத் தீர்வை போட்டவரும் அவர்தான். முடிச்சுப் போடவில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.)

என் ஓட்டு கௌல்டுக்குத்தான். பிச்சைக்கு எந்த ஊரிலாவது மணி அடிப்பார்களா? நேரம் குறித்து, காவலுக்குக் கட்டு நிறுத்தி, ஊரே கூடி நடத்தும் ஒன்றை 'நிலக்காரர் தயவு' என்பது சட்டம் படித்தவர்கள் செய்த குயுக்தி. அந்தப் பெண்களும் தீர்ப்பைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் பொறுக்கினார்கள். கடைசியில் அதை நிறுத்தியது கோர்ட்டு இல்லை, ஒரு கதிர் விடாமல் வாரிக்கொண்டு போன எந்திரங்கள்.