அந்தப் பிள்ளைக்குக் கூட்டத் தெரியும்

சமூக வலைத்தளத்தில் எல்லார் பக்கத்திலும் ஓடுகிற அந்த வீடியோவைப் பற்றித்தான். 7 + □ = 12. பிள்ளை கட்டத்துக்குள் 19 என்று எழுதுகிறது. வீடியோ எடுத்தவர் சிரிக்கிறார், கீழே நம் நண்பர்களும் சிரிக்கிறார்கள். "வாத்தியாருக்குச் சம்பளம் மட்டும் குறைவில்லை" என்று ஒருவர். போன வாரம் வரை என் பதிவுகளுக்கு இதயம் போட்டவர். சரி, இருக்கட்டும்.

அந்தப் பிள்ளைக்குக் கூட்டத் தெரியும். ஏழும் பன்னிரண்டும் பத்தொன்பதுதானே? விரல் விட்டு எண்ணாமலே சொல்லியிருக்கிறது. சிக்கல் கூட்டலில் இல்லை, = குறியில் இருக்கிறது. 3 + 4 = என்றே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அந்த இரட்டைக் கோடு "விடையைப் போடு" என்கிற உத்தரவு, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் சமம் என்று அது படிப்பதில்லை. கரும்பலகையில் 8 = 5 + 3 என்று எழுதிப் பாருங்கள். "டீச்சர், திருப்பிப் போட்டுட்டீங்க" என்று என் வகுப்பில் பாதி பேர் கத்தினார்கள்.

'அரசுப் பள்ளின்னா அப்படித்தான்' என்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் 8 + 4 = □ + 5 கொடுத்தார்கள். அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றார்கள். சரியான விடையான 7-ஐ ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்களையும் வீடியோ எடுத்துச் சிரிக்கலாமா?

என் வகுப்பில் ஒரு பெண். அம்மா பேருந்து நிலையத்தில் பூ விற்கிறார். முப்பது ரூபாய்ப் பூவுக்கு ஐம்பது கொடுத்தால் "நாப்பது, அம்பது" என்று இரண்டு பத்தை என் கையில் வைப்பாள். அதே பெண் நோட்டில் 30 + □ = 50-க்கு 80 எழுதினாள். முட்டாளா அவள்? பன்னிரண்டு புளியங்கொட்டையை அவள் எதிரிலேயே எண்ணி, ஏழை வெளியே விட்டு மீதியைக் கொட்டாங்குச்சியால் மூடினேன். அதன் மேல் தட்டித் தட்டி எண்ணினாள்: எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னண்டு. தட்டுக்கு ஒரு விரல் இடது கையில் மடங்கியது. "அஞ்சு டீச்சர்." சொல்லிவிட்டுத்தான் தூக்கிப் பார்த்தாள். அப்புறம்தான் கட்டத்தையே எழுதினேன். சின்ன வகுப்புகளுக்குச் செயல்பாடுகள் வழியே கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபோது 'பாடம் நடத்தாமல் விளையாடுகிறார்கள்' என்று எழுதியவர்கள் இதையும் விளையாட்டு என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

"பன்னிரண்டில் ஏழைக் கழித்தால் முடிந்தது, இதற்கு எதற்கு இத்தனை கூத்து?" என்று பொறியாளர் ஒருவர் கேட்டிருந்தார். உங்களுக்கு முடிந்தது சார். 'கட்டம் வந்தால் கழி' என்று மட்டும் கற்ற பிள்ளையிடம் □ − 3 = 5 கொடுத்துப் பாருங்கள். ஐந்தில் மூன்றைக் கழித்து 2 என்று எழுதும். அப்போது அதற்கும் ஒரு வீடியோ எடுப்பீர்கள். கழித்தல் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஏழுக்கு மேல் எத்தனை போனால் பன்னிரண்டு என்பது மனதில் உட்கார்ந்த பிறகு கழிக்கட்டும்.

"நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" நியாயமான கேள்விதான். ஆனால் இதைக் கேட்டவர் ஒரு வகுப்பிலும் நின்றதில்லை, அதனால் பதில் சொல்லப் போவதில்லை.

'தன் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டுப் பேசுகிறார்' என்பதையும் பார்த்தேன். என் பிள்ளை எங்கே படித்தால் 7 + 5 மாறிவிடுமா?

உண்மையில் எனக்குக் கணக்கில்கூட இவ்வளவு கோபம் இல்லை. சிரிப்பு கேட்டதும் அந்தப் பிள்ளை ரப்பரை எடுத்து 19-ஐ அழிக்கிறது, பார்த்தீர்களா? எது தப்பு என்றே தெரியாமல், தாள் கிழிகிற அளவுக்கு அழிக்கிறது. முகத்தைக்கூட யாரும் மறைக்கவில்லை. பகிர்ந்தவர்களில் என்னோடு வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் அதை நீக்குங்கள். அப்புறம் வந்து என்னிடம் சம்பளக் கணக்கு கேளுங்கள்.