பெயரன் கப்பல்கள்

2021 டிசம்பர் 23 அன்று விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். குக்ரி என்ற போர்க்கப்பலின் கொடி கடைசி முறையாக இறக்கப்பட்டது. 32 ஆண்டுகள் பணியாற்றிய கப்பல் ஒன்று ஓய்வுபெற்றது என்ற அளவில் அந்தச் செய்தி பத்திரிகைகளில் சின்னதாக வந்து போயிற்று. எனக்கோ அன்று முழுவதும் மனம் அதிலேயே நின்றது. ஓய்வுபெற்றது இரண்டாவது குக்ரி. அதற்கு முன் அந்தப் பெயரைத் தாங்கிய கப்பல் ஓய்வுபெறவில்லை. அது அரபிக்கடலின் அடியில் கிடக்கிறது.

1971 பாகிஸ்தான் போரின்போது, டிசம்பர் 9ஆம் நாள் இரவு, தியூ கடற்கரைக்கு அப்பால், ஐ.என்.எஸ். குக்ரியும் ஐ.என்.எஸ். கிர்பானும் ஒரு பாகிஸ்தானிய நீர்மூழ்கியைத் தேடிக்கொண்டிருந்தன. ஹாங்கோர் என்ற அந்த நீர்மூழ்கி பிரான்சில் கட்டப்பட்டது. நம் கப்பல்களின் சோனார், அதாவது ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி, எட்டும் தொலைவுக்கு அப்பாலிருந்தே அவற்றைக் கண்டறியும் திறன் அதற்கு இருந்தது. தேடிப் போனவர்களே இலக்கானார்கள். கிர்பானை நோக்கி வந்த முதல் டார்பிடோ, நீருக்கடியில் பாயும் குண்டு, வெடிக்கவில்லை. அடுத்தது குக்ரியின் அடிவயிற்றில் வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும், ஆக 194 பேர், அதனோடு போனார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா, இறங்கித் தப்ப வழியிருந்தும், தம் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டுக் கப்பலோடு இருந்துவிட்டார். அவருக்கு மகாவீர் சக்ரா விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அந்தப் பெயரைத்தான் 1989இல் மும்பை மசகான் கப்பல்தளத்தில் கட்டிய புதிய கப்பலுக்குச் சூட்டினார்கள். இதைப் பற்றி ஒருமுறை பேசியபோது நண்பர் ஒருவர், மூழ்கிப்போன கப்பலின் பெயரை மறுபடியும் வைப்பது அபசகுனம் இல்லையா என்று கேட்டார். எனக்கு அது நேர்மாறாகவே தோன்றுகிறது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். பாட்டன் எப்படிப் போனார் என்று பார்த்தா பேரனுக்குப் பெயர் வைக்கிறோம்? போரில் விழுந்தவனுக்கு ஊர் எல்லையில் நடுகல் நட்டு, பெயரையும் அவன் செய்ததையும் அதில் பொறித்த மரபு நம்முடையது. கடலில் கல் நட இடமில்லை. விழுந்த கப்பலின் பெயரை அடுத்த கப்பலின் பக்கவாட்டில் எழுதுவதுதான் கடலோடிகள் கண்டுபிடித்த நடுகல் என்று நான் நம்புகிறேன்.

இது நம் கடற்படை தானாகத் தொடங்கிய வழக்கம் அன்று. பிரிட்டிஷ் கடற்படையிடமிருந்து வந்தது. அங்கே ஆர்க் ராயல் என்ற பெயர் ஐந்து கப்பல்களுக்குக் கைமாறியிருக்கிறது. முதலாவது 1588இல் ஆர்மடா என்ற ஸ்பானியப் படையெடுப்புக் கப்பற்படையை எதிர்த்த தலைமைக் கப்பல். புதிய விமானந்தாங்கிக் கப்பலுக்கு அந்தப் பெயர் வேண்டும் என்பதற்காக, அப்போது பணியிலிருந்த ஆர்க் ராயலின் பெயரை 1934இல் பெகாசஸ் என்று மாற்றினார்கள். உயிரோடு இருக்கும் கப்பலிடமிருந்து பெயரைக் கழற்றி எடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படி அந்தப் பெயரைப் பெற்ற விமானந்தாங்கியும் 1941 நவம்பரில் ஜிப்ரால்டர் அருகே டார்பிடோ தாக்கி மூழ்கியது. ஆனாலும் பெயர் நிற்கவில்லை, அதற்குப் பின் இரண்டு கப்பல்களுக்குச் சென்றது. அமெரிக்காவில் நடந்தது இதைவிட நெஞ்சைத் தொடுகிறது. லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கி 1942 மே மாதம் பவளக்கடல் போரில் அழிந்த செய்தி எட்டியபோது, அதைக் கட்டிய குவின்சி கப்பல்தளத்தில் கேபட் என்ற பெயரில் வேறொரு விமானந்தாங்கி உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு லெக்சிங்டன் என்று பெயர் மாற்றும்படி அந்தத் தளத்தின் தொழிலாளர்களே கேட்டார்கள், மாற்றப்பட்டது. தம் கையால் ஆணி அடித்த கப்பலுக்காக அவர்கள் பட்ட துக்கம் அந்தக் கோரிக்கையில் தெரிகிறது.

நம் நாட்டில் பெயர் மரபு என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது விக்ராந்த் என்ற விமானந்தாங்கி. முதல் விக்ராந்தே இன்னொரு பெயரோடு பிறந்த கப்பல்தான். இரண்டாம் உலகப் போரின்போது ஹெர்குலிஸ் என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் அரைகுறையாக நிறுத்தப்பட்ட அந்த உடலை 1957இல் இந்தியா வாங்கியது. பெல்பாஸ்ட் நகரில் கட்டி முடித்து, 1961 மார்ச் 4 அன்று விஜயலட்சுமி பண்டிட் அதைக் கடற்படையில் சேர்த்துவைத்தார். பத்தே ஆண்டுகளில் போர் வந்தது. கொதிகலன் ஒன்றில் விரிசல் விட்டு முழு வேகத்தில் ஓட முடியாத நிலையிலும் அதை வங்கக் கடலுக்கு அனுப்பினார்கள். அதன் சீ ஹாக் விமானங்களும் அலிசே விமானங்களும் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின.

அந்தப் போரில் விக்ராந்தின் பெயரே தனியாகப் போருக்குப் போன கதை ஒன்று உண்டு. விக்ராந்தை மூழ்கடிப்பதற்காகப் பாகிஸ்தான் தன் காஜி நீர்மூழ்கியை அனுப்பியிருந்தது. கிழக்குப் பிராந்தியத் தளபதியாக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். அவர் விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைத்து வைத்துவிட்டு, ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினம் கடலில் விக்ராந்த் போல நடிக்கச் செய்தார். பெரிய கப்பலுக்கு உரிய அளவு வானொலிச் செய்திகள் அங்கிருந்து பறந்தன. காஜி அந்தப் பெயரைத் துரத்தி விசாகப்பட்டினத்துக்கு வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி அங்கேயே தன் ஆட்கள் அனைவரோடும் மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளும் வெவ்வேறு கணக்குச் சொல்கின்றன.

1997 ஜனவரி 31 அன்று விக்ராந்த் ஓய்வுபெற்று மும்பையில் அருங்காட்சியகமாக நின்ற காலத்தில் ஒருமுறை அதற்குள் போயிருக்கிறேன். விமானக் கூடம் இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே ஏறக்கூடிய இரும்புப் படிகளில், கைப்பிடியின் நடுப்பகுதியில் மட்டும் வர்ணம் தேய்ந்து உலோகம் பளபளத்தது. ஆயிரக்கணக்கான கைகள் 36 ஆண்டுகளாகப் பிடித்த இடம் அது. அந்தக் கப்பலைக் காக்க முடியாமல் 2014இல் உடைக்க விற்றபோது நான் மிகவும் வருந்தினேன். அதன் இரும்பைச் சேர்த்து மோட்டார் சைக்கிள் செய்து விற்றார்கள் என்பதைக் கேட்டபோது அந்த வருத்தம் குறையவில்லை. அந்தக் கைப்பிடியைக் காக்கத் தவறியது தவறுதான் என்று இன்றும் சொல்வேன்.

கொச்சியில் கட்டிய புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தது. பழைய கப்பலின் ஆர்11 என்ற எண்ணே இதற்கும். பழைய கப்பலின் ரிக்வேத வாசகமே இதற்கும் முழக்கம். பழைய கப்பலில் ஒலித்த மணி 2023இல் புதிய கப்பலுக்கு வந்து சேர்ந்தது. கப்பலில் மணி என்பது அலங்காரப் பொருள் அன்று. காவல் மாறும் நேரத்தைச் சொல்வது அது. 1961இல் வேலை செய்தவர்கள் கேட்ட அதே ஓசையை இப்போதைய மாலுமி கேட்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொடக்க நாளில் நான் வாசித்த செய்திகளில் பெரும்பாலானவை 262 மீட்டர் நீளம், சுமார் 45,000 டன் எடை, சுமார் 20,000 கோடி ரூபாய் செலவு என்றே பேசின. பழைய விக்ராந்தில் பணிபுரிந்தவர்களைப் பற்றி ஒரு வரி, இரண்டு வரி, அவ்வளவுதான்.

நீலகிரிக்கும் இதே கதை. நம் மலையின் பெயரைத் தாங்கிய முதல் நீலகிரி 1972இல் சேர்ந்தது. மசகான் தளத்தில் கட்டிய லியாண்டர் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பைப் பின்பற்றிய ஆறு கப்பல்களில் மூத்தது. இந்தியா பெரிய போர்க்கப்பல் கட்டக் கற்றுக்கொண்டதே அந்தக் கப்பலில்தான். ஓய்வுபெற்ற பின், 1997இல் அதையே இலக்காக வைத்து ஏவுகணைப் பயிற்சி செய்து மூழ்கடித்தார்கள். 2025 ஜனவரி 15 அன்று புதிய நீலகிரி வந்தது. அதன் வகையிலுள்ள ஏழு கப்பல்களில் ஆறு, பழைய ஆறு கப்பல்களின் பெயர்களையே ஏற்றிருக்கின்றன. எனக்குத் தெரிந்த நண்பர்களில் முதல் நீலகிரி ஒன்று இருந்தது என்று அறிந்தவர் ஒருவர்கூட இல்லை.

பெயர் மட்டும் போய்ச் சேர்ந்து, அதன் கதை போய்ச் சேராவிட்டால் அது வெறும் எழுத்து என்பதே என் கருத்து. அந்தக் கதையில் வெற்றியோடு தோல்வியும் சேர வேண்டும். விக்ராந்தைச் சொல்வது எளிது. குக்ரியைச் சொல்லும்போது, போதுமான கருவி இல்லாமல் அந்தக் கப்பலை நீர்மூழ்கி வேட்டைக்கு அனுப்பினோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேப்டன் முல்லாவின் வீரத்தைப் புகழ்ந்து அந்தப் பகுதியை விழுங்கிவிடுவது இறந்த 194 பேருக்குச் செய்யும் அநீதி. எதிர்த்தரப்பு தன் பெயர்களை மறக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். காஜியின் பெயரை, போர்ச்சுகலிடம் வாங்கிய வேறொரு நீர்மூழ்கிக்கு 1975இல் சூட்டினார்கள். குக்ரியை மூழ்கடித்த பழைய ஹாங்கோர் கராச்சியில் அருங்காட்சியகத்தில் நிற்க, அதே பெயரில் புதிய நீர்மூழ்கி 2024 ஏப்ரலில் சீனாவின் வூஹானில் நீரில் இறக்கப்பட்டது. அங்கேயும் ஒரு பெயரன் பாட்டனின் பெயரோடு கடலுக்கு வருகிறான்.

குக்ரியோடு அன்றிரவு போன கிர்பானின் பெயரைத் தாங்கிய இரண்டாவது கப்பலை 2023இல் வியட்நாமுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டோம். இரண்டாவது குக்ரி தியூ நிர்வாகத்திடம், தன் பாட்டன் மூழ்கிய கடலுக்குப் பக்கத்திலேயே, நினைவுச் சின்னமாகச் சேர்ந்திருக்கிறது. அந்தப் பெயர் கொடுக்க ஒரு நாள் மூன்றாவது கப்பல் வரும். வரும்போது, அதன் ஏணியில் ஏறியதும் மாலுமியின் கண்ணில் முதலில் படும் இடத்தில் 194 பெயர்களையும் அதிகாரி, சமையற்காரர், எந்திரக்காரர் என்ற வரிசை வேறுபாடு இல்லாமல் பொறித்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் நாளில் அவற்றை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். 194 பெயர்களைப் படிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.