ராம் 94% என்றால் ராம் தீர்ந்துவிட்டது என்று பொருளல்ல

"கிராஃபானாவில் ராம் 94% சிவப்பு, லினக்ஸ் மெமரியைத் தின்கிறது, தினமும் இரவு கேஷை அழிக்க ஒரு கிரான் போடுங்க" என்று மேலே சொல்லியிருக்கிறீர்கள் (கிராஃபானா என்பது சர்வர் நிலையை வரைபடமாகக் காட்டும் கருவி, கிரான் என்பது குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை). தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

நீங்கள் ஒட்டிய, மெமரி கணக்கைக் காட்டும் ஃப்ரீ கட்டளையின் வெளியீட்டையே பாருங்கள்: மொத்தம் 16 ஜிபி, ஃப்ரீ 1 ஜிபி, பஃப்/கேஷ் 9 ஜிபி, கடைசிப் பத்தியில் அவைலபிள் கிட்டத்தட்ட 9 ஜிபி. உங்கள் கிராஃபானா பேனல் மொத்தத்திலிருந்து ஃப்ரீயை மட்டும் கழிக்கிறது. 94% வந்தது அப்படித்தான். சும்மா கிடக்கும் ராமில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்க் கோப்புகளை வைத்துக்கொள்கிறது, இதுதான் கேஷ்; ஒரு புரோகிராம் கேட்டால் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுக்கும். விட முடியாத பங்கும் உண்டு (ராமிலேயே கோப்புகளை வைக்கும் டிஎம்பிஎஃப்எஸ், டேட்டாபேஸின் புராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்ட் மெமரி), அதனால் ஃப்ரீயையும் கேஷையும் கூட்டிப் போடுவதும் தப்புக் கணக்குதான். இதற்காகவே 2014இல், லினக்ஸ் 3.14இல், மெம்அவைலபிள் என்ற மதிப்பைச் சேர்த்தார்கள், ஃப்ரீ கட்டளையின் அவைலபிள் பத்தி காட்டுவது இதைத்தான். சர்வரின் அளவுகளைச் சேகரித்துத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர் அதை அப்படியே அனுப்புகிறது. பேனலில் ஃப்ரீ இருக்கும் இடத்தில் அதைப் போட்டால் போதும். இந்த சர்வர் 44% பக்கம் வந்து நிற்கும்.

கேஷை அழித்தால் கிராஃப் இறங்கும், உண்மைதான். சூடாக இருந்த டேட்டாவையெல்லாம் மறுபடி டிஸ்கிலிருந்து படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான் லாபம்.

நிஜமாகவே மெமரி போதவில்லையா என்று தெரிய விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ பத்திகளைப் பாருங்கள் (ராம் போதாதபோது டிஸ்கில் உள்ள ஸ்வாப் இடத்திலிருந்து உள்ளே வருவதும் அங்கே வெளியே போவதும்). அவை தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேலே ஓடினால் அலர்ட் வையுங்கள்.