செட்டப்புக்கு பில் போடாத கடைகள்

இசைக்கருவிக் கடை ஒன்று மூடப்பட்டால் வருகிற பதிவுகளில் எல்லாம் குற்றவாளி ஒருவர்தான்: ஆன்லைன் விலை. அங்கே ஆயிரம் ரூபாய் குறைவு, வாசலுக்கே வந்து இறங்குகிறது, அப்புறம் யார் கடைக்குப் போவார்கள் என்கிறார்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. கடைக்காரர் நமக்கு இரண்டு பொருள் விற்றார். ஒன்று கருவி. இன்னொன்று, அந்தக் கருவியை வாசிக்கிற பதத்துக்குக் கொண்டுவந்த கைவேலை, கடைப் பேச்சில் செட்டப். கருவிக்கு பில் போட்டார், வேலைக்குப் போடவில்லை. கருவியில் கிடைத்த லாபம் போனதும் வேலையும் கூடவே போய்விட்டது. இழப்பு என்று நான் கணக்கில் எடுப்பது இந்த இரண்டாவதைத்தான்.

அது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்கு கிடாரிலிருந்தே சொல்கிறேன். தொழிற்சாலையிலிருந்து வரும் விலை குறைந்த அக்கூஸ்டிக் கிடாரில் தந்தி பொதுவாகத் தூக்கலாகவே இருக்கும். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், 12-ஆவதுக்கு மேல் தடித்த ஆறாவது தந்தியின் உயரம் 2.5 மி.மீ., மெல்லிய முதல் தந்திக்கு 2 மி.மீ. என்றால் கை நோகாது. பெட்டியில் வருவது 4 மி.மீ.க்குப் பக்கத்தில் இருப்பது சர்வசாதாரணம். காரணம் இருக்கிறது. தந்தி தாழ்ந்து ஃப்ரெட்டில் இரைந்தால் வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். உயர்ந்திருந்தால் யாரும் திருப்பி அனுப்புவதில்லை, தன் விரலைத்தான் குறை சொல்லிக்கொள்வார். அதனால் தொழிற்சாலை உயரமாகவே விட்டுவிடுகிறது. மிச்சத்தைக் கடையில் பார்த்துக்கொள்வார்கள் என்பது பழைய ஏற்பாடு.

கடையில் பார்த்தது இதுதான். கடைக்காரர் முதலில் சுருதி சேர்த்து, ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் 14-ஆவதிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவே ஏழாவது ஃப்ரெட்டில் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பார். விசிட்டிங் கார்டு கனம், அதாவது கால் மி.மீ. இருந்தால் கழுத்து சரி. கூடுதல் என்றால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை ஆலன் கீயால் வலப்பக்கம் கால் சுற்று. அதற்கு மேல் ஒரே மூச்சில் திருப்பக் கூடாது. அடுத்தது நட், கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பள்ளத்தில் உட்காரும் துண்டு. மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் தந்திக்கு இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் ஒவ்வொரு தந்தியின் கனத்துக்கும் ஏற்ற அரத்தால் பள்ளத்தை ஆழமாக்குவார். கடைசியில் சேடில், உடல்பக்கம் தந்திகளைத் தாங்கும் துண்டு. 12-ஆவது ஃப்ரெட்டில் 1 மி.மீ. தாழ்த்த, சேடிலின் அடியில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி, சேடிலை நேராக நிறுத்தி, அடிப்பக்கத்தை மட்டும். மேற்பக்கத்தைத் தேய்த்தால் வளைவு போய்விடும். கைபழகியவருக்கு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்.

இதில் நட்தான் வில்லன். புதிதாகக் கற்பவரின் விரல் பெரும்பாலும் முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள்ளேயே இருக்கும். நட் உயர்ந்திருந்தால் அந்த இடத்தில்தான் தந்தி கம்பியாய் அறுக்கும். அதோடு, அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறிவிடும். சுருதி பார்க்கும் ட்யூனரில் ஆறு தந்தியும் பச்சை காட்டும், ஆனால் சி கார்டு என்ற சுரக்கூட்டைப் பிடித்தால் அபசுரமாக ஒலிக்கும். பிள்ளை மூன்று மாதத்தில் கிடாரைப் பரணில் போட்டுவிடும். "அவனுக்கு ஆர்வம் இல்லைங்க" என்பார்கள் வீட்டில். ஆர்வத்தைக் கொன்றது அரை மி.மீ. பிளாஸ்டிக் என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

வயலினில் நிலைமை இன்னும் மோசம். கிடாராவது முழுசாக வரும். வயலினில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜையும், உள்ளே மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே நிற்கும் குச்சியான சவுண்ட் போஸ்டையும் எந்தப் பசையும் பிடித்துவைக்கவில்லை. பிரிட்ஜை நிறுத்துவது தந்தியின் அழுத்தம், போஸ்டை நிறுத்துவது இறுக்கமான பொருத்தமும் அந்த அழுத்தமும். கூரியர் வண்டியின் குலுக்கலில் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடலாம். உள்ளே குச்சி உருளும் சத்தம் கேட்டால் அதுதான். இந்த நிலையில் தந்தியை முறுக்கவே கூடாது. உள்ளிருந்து தாங்க ஆளில்லாமல் மேற்பலகை அமுங்கி விரிசல் விடும். போஸ்டை மேற்பலகையில் எஃப் வடிவில் வெட்டிய துவாரம் வழியாக, எஸ் வடிவக் கம்பியில் குத்தி உள்ளே இறக்கி, பிரிட்ஜின் மெல்லிய தந்திப் பக்கக் காலுக்குச் சில மி.மீ. பின்னால் செங்குத்தாக நிறுத்த வேண்டும். யூடியூப் பார்த்துச் செய்யலாம்தான், ஆனால் முதல் தடவை செய்கிறவர் எஃப் துவாரத்தின் ஓரத்தைக் கீறாமல் எடுப்பதில்லை.

பிரிட்ஜும் அப்படித்தான். பெட்டியோடு வரும் பிரிட்ஜ் வெறும் பலகைத் துண்டு. அதன் இரண்டு காலையும் அந்தந்த வயலின் மேற்பலகையின் வளைவுக்கு, இடையில் வெளிச்சம் தெரியாதபடி செதுக்க வேண்டும். விரல்பலகை முடியும் இடத்தில் மெல்லிய தந்தி 3.5 மி.மீ., தடித்த தந்தி 5.5 மி.மீ. என்பது மேற்கத்திய அளவு. நம் கர்நாடக வாசிப்புக்கு அது அப்படியே பொருந்தாது. நாம் ஸ-ப-ஸ-ப என்று, பாடுகிறவர் சுருதிக்குத் தாழ்த்திக் கட்டுகிறோம். தந்தி தளர்ந்திருக்கும், கமகத்துக்கு விரல் வழுக்கிப் போக வேண்டும். தந்தி கனத்தையும் பிரிட்ஜ் உயரத்தையும் வாசிப்பவரின் சுருதியைக் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். கேட்பதற்கு எதிரே ஒரு மனிதர் வேண்டும்.

மிருதங்கம் வாங்கப் போனால் கடையில் விழும் முதல் கேள்வி, "எந்தச் சுருதிக்கு?" என்பது. ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு 22 அங்குல நீள மரக்கட்டை, தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு 24. ஒரு கட்டையை அதன் இயல்பான சுருதியிலிருந்து கொஞ்சம்தான் ஏற்றி இறக்க முடியும். மீறி இழுத்தால் வலப்பக்கத் தோலான வலந்தலை கிழியும் அல்லது நாதம் மழுங்கும். ஆன்லைன் பக்கத்தில் நிறம் இருக்கும், உறை இலவசம் என்று இருக்கும். சுருதி பெரும்பாலும் இருக்காது. சுருதி சொல்லாமல் மிருதங்கம் விற்பது, அளவு சொல்லாமல் செருப்பு விற்பதுபோல. இப்போது போல்ட் முடுக்கும் மிருதங்கம் பரவலாகிவருவதற்கு முக்கியக் காரணம், தோல் வார் பிடித்து, மூட்டு என்ற பின்னல் வளையம் போடத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாததுதான். சபாவில் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

வீணை பற்றிச் சுருக்கமாக. கிடாரின் ஃப்ரெட் போன்ற 24 மெட்டுகளும் நிற்பது தேன்மெழுகில் குங்கிலியமும் கரியும் சேர்த்த கலவையின் மேல். மே மாதம் மூடிய வண்டிக்குள் வீணை போனால் மெழுகு இளகி மெட்டு சாயும். பிறகு மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிப்படி மறுபடி பதிக்க, தெரிந்தவரைத் தேட வேண்டும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். மெழுகு போடுகிறவருக்கு அதனால் ஒரு ரூபாய் கூடியதா என்பது வேறு கேள்வி.

சரி, ஆன்லைன்தான் இதையெல்லாம் கொன்றது என்றால் அமெரிக்காவைப் பாருங்கள். புரூக்ளினில் 1924-இல் தொடங்கிய இசைக்கருவிக் கடைச் சங்கிலியான சாம் ஆஷ், சரியாக நூறு ஆண்டு கழித்து 2024-இல் எல்லாக் கிளைகளையும் மூடியது. இன்னொரு சங்கிலியான கிடார் சென்டர் 2020 நவம்பரில் திவால் பாதுகாப்புக்குப் போனதில் பழைய கடன்சுமைக்குப் பெரிய பங்கு. அதே நாட்டில் ஸ்வீட்வாட்டர் என்ற நிறுவனம் தபாலில் விற்றே வளர்ந்தது. எப்படி? குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட கிடார்களை 55 அம்சங்களில் சோதித்து, எடை பார்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படம் பிடித்துப் போடுகிறது. ஜெர்மனியில் டிரெப்பன்டார்ஃப் என்ற சிற்றூரில் 1954-இல் தொடங்கிய தோமான், ஐரோப்பா முழுக்க ஆன்லைனில் விற்கிறது. அங்கே சொந்தப் பட்டறை உண்டு, 30 நாளில் திருப்பிக் கொடுக்கலாம். அதாவது ஜெயித்த ஆன்லைன் கடைகள் பட்டறையைத் தங்களோடு எடுத்துக்கொண்டு போயின. நம் ஊர் பொதுச்சந்தைத் தளங்களில் பட்டறை கிடையாது. குடோனில் மிக்ஸிக்குப் பக்கத்தில் வயலின் கிடக்கிறது.

நம் கடைகளை உள்ளிருந்து அரித்தது கிடார் விலையைவிடச் சில்லறைச் சாமான்தான் என்பது என் எண்ணம். பெரிய கருவி என்றோ ஒருநாள்தான் விற்கும். கடை வாடகையைக் கட்டியது ட்யூனர், தாளம் தட்டும் மெட்ரோனோம், தேர்வுப் புத்தகம், தந்தி, சுருதிப்பெட்டி. பெங்களூரின் ராடெல் போன்றவர்களின் மின்னணுத் தம்பூரா இல்லாத பாட்டு வகுப்பே ஒரு காலத்தில் இல்லை. இன்று ட்யூனர், மெட்ரோனோம், தம்பூரா மூன்றும் கைப்பேசிச் செயலி. புத்தகம் பிடிஎஃப். தந்தி மட்டும் மிச்சம், அதிலும் போலி புகுந்துவிட்டது. டடாரியோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் தந்திப் பாக்கெட்டுக்குள் நிறுவன இணையதளத்தில் பதிந்து சரிபார்க்கும் எண் இருக்கும். அந்த எண் இல்லாமல் பாதி விலைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைக்காரர்கள் பக்கம் தப்பே இல்லையா? நிறைய. சுவரில் வருடக்கணக்கில் தொங்கித் துருப்பிடித்த தந்தியோடே கிடாரைக் காட்டியது, "தொடாதீர்கள்" என்று அட்டை மாட்டியது, செட்டப் செய்யாத அதே பெட்டியை ஆன்லைனைவிடக் கூடுதல் விலைக்குத் தள்ளியது. அப்படிப்பட்ட கடை மூடியதற்கு நான் வருத்தப்படவில்லை. இன்னொன்று, வெளியில் வாங்கிய கருவியோடு உள்ளே வந்தவரிடம் "எங்க வாங்குனீங்களோ அங்கேயே போய்க் கேளுங்க" என்றது. கூலி கொடுக்கத் தயாராக வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிற தொழில் வேறெங்காவது உண்டா? பஞ்சர் கடையில் டியூப் எங்கே வாங்கியது என்று கேட்பதில்லை.

1842-இல் மிஸ்கித் என்ற பெயரில் தொடங்கிய கடையின் தொடர்ச்சியான மியூசி மியூசிக்கல் அண்ணா சாலையில் இன்றும் இருக்கிறது. விற்பனையோடு பாடமும் தேர்வும் சேர்ந்திருப்பதை அதன் ஆயுளுக்கு ஒரு காரணமாகப் பார்க்கிறேன். சின்னக் கடைக்கு வகுப்பறை வைக்க இடமிருக்காது, ஒரு மேசை போட இடமிருக்கும். நட் அரம் ஒரு செட், ஆலன் கீகள், சவுண்ட் போஸ்ட் கம்பி, அரை மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல். வாசலில் கட்டணப் பலகை: கிடார் செட்டப் இவ்வளவு, வயலின் பிரிட்ஜ் செதுக்க இவ்வளவு, ஆர்மோனிய ரீட் சுருதி சேர்க்க ஒரு ரீடுக்கு இவ்வளவு. இங்கே வாங்கினால் இலவசம், வெளியில் வாங்கியதற்குக் கட்டணம். நாமும் அந்தத் தொகையைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். கருவியில் 800 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, 500 ரூபாய் செட்டப்புக்கு "அரம் தேய்க்கத்தானே" என்று முகத்தைச் சுளிப்பவரைத் திருத்த என்னால் ஆகாது.

ஏற்கெனவே ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டவர்களுக்கு: பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், திருப்பி அனுப்பும் கெடுவை முதலில் பாருங்கள். கிடார் என்றால் அன்றைக்கே சுருதி சேர்த்து 12-ஆவது ஃப்ரெட்டில் ஸ்கேல் வையுங்கள். உயரம் மட்டும் கூடுதலா, சரி செய்யலாம். ஆனால் சேடில் ஏற்கெனவே பலகையோடு பலகையாகத் தாழ்ந்திருந்தும் உயரம் 4 மி.மீ. காட்டினால், கழுத்து பொருத்திய கோணமே தப்பு. அதை எந்தச் செட்டப்பும் காப்பாற்றாது, உடனே திருப்பி அனுப்புங்கள். வயலினைக் காதருகே வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள், குச்சி உருண்டால் தந்தி முறுக்கும் பெக்கைத் தொடாதீர்கள். மிருதங்கத்தில் வலந்தலையின் நடுவே உள்ள கரும்பூச்சான கரணையைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். அது பெயர்ந்தோ உதிர்ந்தோ இருந்தால், ஒரு தட்டு தட்டிப் பார்ப்பதற்கு முன்பே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். தட்டிய பிறகு அனுப்பினால் நீங்கள் உடைத்தது என்பார்கள்.