காயில் (கம்பிச்சுருள்) சின்னதானா சிக்னல் போயிடாது சார்

கட்டுரை நல்லா இருக்கு. ஆனா சாம்பிள் கம்மியா இருந்தா என்எம்ஆர் (காந்தப்புலத்துல வச்சு ரேடியோ அலையால மூலக்கூறோட அமைப்பக் கண்டுபிடிக்கிற முறை) பக்கமே போக முடியாதுன்னு முடிச்சிட்டீங்களே, அது பாதிதான் சரி. வழக்கமா 5 மி.மீ ட்யூப்ல அரை மில்லிக்கு மேல ஊத்தணும், கையில இருக்கறதே துளியூண்டுன்னா அதுல நீர்த்துப் போயி ஒண்ணுமே தெரியாது, அதான் சிக்கல். சாம்பிளச் சுத்தி சிக்னல பிடிக்கிற காயிலையே சாம்பிள் சைஸுக்கு சுருக்கிட்டா அதே அளவு பொருளுக்கு சிக்னல் ஏறும், விட்டம் பாதியானா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 1995ல இல்லினாய்ஸ் யூனிவர்சிட்டில கேபிலரிங்கற மெல்லிசான குழாய் மேல காப்பர் கம்பிய சுத்தி வெறும் 5 நானோலிட்டர்ல ஸ்பெக்ட்ரம் எடுத்தாங்க. கம்பி அவ்ளோ கிட்ட இருந்தா காந்தப்புலம் கோணி பீக் எல்லாம் அகலமாயிடும்ல, அதுக்கு காப்பரோட காந்த குணத்துக்கு ஒத்துப்போற ஃப்ளூரோகார்பன் திரவத்துல காயிலையே முக்கி வச்சாங்க பாருங்க, அங்கதான் மூளை!

நானும் ஒரு தடவ மைக்ரோஸ்கோப்ல பாத்துகிட்டே கையால சுத்திப் பாத்தேன், தலைமுடி மாதிரி கம்பி, ஏழாவது சுத்துல ஒரு தும்மல் வந்துச்சு, அவ்ளோதான், முதல்லேர்ந்து. ஜெர்மனில ஃப்ரைபர்க்ல இதுக்குத்தான் ஐசி சிப்புக்கு தங்கக் கம்பி இழுக்கிற வயர் பாண்டர் மெஷினையே வச்சு எஸ்யு-8ங்கற பாலிமர்ல செஞ்ச குட்டித் தூண் மேல சுத்த வச்சாங்க, ஒவ்வொண்ணும் அச்சு அசலா ஒரே மாதிரி வரும்.

ஒண்ணு, சாம்பிள் நிறைய இருந்து நீர்த்துக் கிடந்தா இந்தச் சின்ன காயில் உதவாது, பழைய 5 மி.மீ ட்யூப்தான்.