பிஎம்டபிள்யூ சின்னத்தில் சுழல்வது விசிறியா?

பிஎம்டபிள்யூ சின்னம் நீல வானத்தில் சுழலும் விமான விசிறி என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. அந்த கார் வைத்திருப்பவர்களே பெருமையாகச் சொல்லும் கதைதான். ஆனால் உண்மை அதுவல்ல.

ராப் என்ற விமான எஞ்சின் நிறுவனம் 1917-இல் பிஎம்டபிள்யூ எனப் பெயர் மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் சின்னமும் பதிவானது. வெளியே இருக்கும் கறுப்பு வளையம் ராப் சின்னத்திலிருந்து வந்தது. உள்ளே இருக்கும் நீலமும் வெள்ளையும் ஜெர்மனியில் உள்ள பவேரியா மாநிலத்தின் நிறங்கள். பெயரில் உள்ள முதல் எழுத்தே பவேரியாவைத்தானே குறிக்கிறது! அரசுச் சின்னங்களை வணிக முத்திரையில் அப்படியே பயன்படுத்த அன்றைய சட்டம் அனுமதிக்கவில்லை. அதனால் நிறங்களின் வரிசையை மாற்றிப் போட்டார்கள்.

சரி, விசிறி எங்கிருந்து வந்தது? விளம்பரத்திலிருந்து. 1929-இல் வந்த ஒரு விளம்பரத்தில், விமானத்தின் சுழலும் விசிறிமேல் இந்தச் சின்னத்தைப் பொருத்திக் காட்டினார்கள். அதாவது, சின்னம் பிறந்து 12 ஆண்டு கழித்து! 1942-இல் நிறுவனத்தின் சொந்த இதழே அந்தக் கதையைத் திரும்பச் சொன்னது. நிறுவனமும் வெகுகாலம் அதை மறுக்க மெனக்கெடவில்லை. அழகான கதையை யார்தான் விடுவார்கள்?

விமான எஞ்சின் செய்து தொடங்கிய நிறுவனம் என்பது மட்டும் நிஜம்.