பாட்டி கோபப்பட்ட இடம்

நேற்று ராத்திரி அக்கா மகளோடு உட்கார்ந்து 'பெர்சபொலிஸ்' பார்த்தேன். எனக்கு நாலாவது தடவை, அவளுக்கு முதல். 13 வயசு. கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் என்றதும் முகத்தைச் சுளித்தவள், பத்து நிமிடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

தெஹ்ரானில் வளர்ந்த கதையை மர்ஜானே சத்ரபி 2000 முதல் 2003 வரை நாலு பாகமாகப் பிரெஞ்சில் வரைந்து எழுதினார். தமிழிலும் வந்திருக்கிறது. 2007இல் வின்சென்ட் பரோனோவோடு சேர்ந்து அவரே படமாக்கினார். கான் விழாவில் நடுவர் பரிசு கிடைத்தது. ஆஸ்கர் பரிந்துரை வரை போய், எலி சமைக்கிற 'ரட்டட்டூயி' படத்திடம் தோற்றது. (அந்த எலியும் எனக்குப் பிடிக்கும், விடுங்கள்.)

ஈரானில் எது நடந்தாலும் நம்ம ஆட்கள் இந்தப் படத்தின் ஸ்டில்லைப் போடுவார்கள். 2022இல், முக்காடு சரியில்லை என்று பிடித்துப்போன மாசா அமினி காவலில் இறந்தபோதும் போட்டார்கள். போடட்டும். ஆனால் முக்காட்டையும் காவலர்களையும் மட்டும் பார்த்துவிட்டு "பாவம் அந்தப் பெண்கள்" என்று நகர்ந்துவிடுவதில்தான் எனக்குச் சண்டை. பாவப்படுவதற்கு மர்ஜி, அதாவது படத்தில் வரும் சத்ரபி, இடமே தருவதில்லையே! வாய்த்துடுக்கு, திமிர், போதாததற்குப் பொய் வேறு.

ஈராக்கோடு நடந்த போர்க்காலத்தில், 14 வயசில் அவளை வியன்னாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ஒரு விருந்தில் ஒருத்தன் எந்த ஊர் என்று கேட்கிறான். பிரெஞ்சுக்காரி என்கிறாள். தனியாகத் தெருவில் நடக்கும்போது பாட்டியின் குரல் கூடவே வந்து குத்துகிறது. அதே ஊரில் ஒரு காதலன். காதலிக்கும்வரை தேவகுமாரன். துரோகம் செய்தான் என்று தெரிந்ததும் அதே காட்சிகள் மறுபடி ஓடுகின்றன, இப்போது அவன் மூக்கொழுகும் அவலட்சணம்! அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆளை வைத்து எடுத்திருந்தால் இரண்டு நடிகர்கள் வேண்டும். வரைகிற கோட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது, மனசு மாறினால் மூஞ்சியும் மாறிவிடும்.

அவள் சிரிப்பு நின்றது தெஹ்ரானுக்குத் திரும்பிய பிறகு. மர்ஜி உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு காதலனுக்காகக் காத்திருக்கிறாள். பெண்கள் உடையையும் ஒப்பனையையும் கண்காணிக்கும் காவலர் வண்டி வருகிறது. தான் தப்பிக்க, சும்மா உட்கார்ந்திருந்த ஒரு ஆளைக் காட்டி, என்னிடம் அசிங்கமாகப் பேசினான் என்கிறாள். அவனை இழுத்துப் போகிறார்கள். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் அதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறாள்.

பாட்டி சிரிக்கவில்லை. இதே பாட்டிதான் மார்பு தளராமலிருக்கத் தினமும் ஐஸ் தண்ணீரில் வைக்கும் ரகசியத்தைப் பேத்திக்குக் கூச்சமில்லாமல் சொன்னவள். சிறைக்குப் போன தாத்தாவையும் மாமா அனூஷையும் நினைவுபடுத்தித் திட்டித் தீர்க்கிறாள். அனூஷ், சிறையில் ரொட்டியைப் பிசைந்து அன்னம் செய்து மர்ஜியிடம் கொடுத்தவர். அவரைக் கொன்றது 1979 புரட்சிக்குப் பின் வந்த ஆட்சி.

"அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள் அக்கா மகள். படம் சொல்லவில்லை. நானும் மூன்று தடவை பார்த்தும் கேட்காத கேள்வி.

தன் வாழ்க்கையை எழுதுகிற யாருக்கும் இந்தச் சம்பவத்தை விட்டுவிடுவது ரொம்பச் சுலபம். சத்ரபி எழுதினார், வரைந்தார், படத்திலும் வைத்தார். அடக்குமுறை அடுத்தவனைக் காட்டிக்கொடுக்க வைக்கும் என்று நாம் எத்தனை கட்டுரை படித்திருப்போம். அதைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு சொன்னவர்கள் எத்தனை பேர்?

குறையும் உண்டு. வியன்னாப் பகுதி புத்தகத்தில் மெல்ல மெல்லச் சரியும், படத்தில் சறுக்குமரம்தான். இரண்டாவது பாதியில் அம்மா அப்பா கொஞ்சம் மங்கிப்போகிறார்கள். அம்மாவுக்குக் குரல் கத்ரீன் தெனவ், மர்ஜிக்கு அவருடைய சொந்த மகள் கியாரா மாஸ்த்ரோயானி என்று தெரிந்த பிறகு இன்னும் நாலு காட்சி கேட்கத் தோன்றுகிறது.

படம் முடிந்து, பாட்டி தினமும் காலையில் மல்லிகை பறித்து உள்ளாடைக்குள் போட்டுக்கொள்வாள் என்று சொல்லும் குரலும் அடங்கிய பிறகு, இவள் கேட்டாள்: "அந்தப் பாட்டி அப்புறம் அவகிட்ட பேசினாங்கதானே?"

பேசினார்கள் என்றேன்.